இரண்டு கையும் நீட்டினால்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் டவுன் பஸ்ஸை, ஏறுவதற்காக இல்லாமல், நிறுத்துவதற்காகவே நிறுத்திய ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நடுரோட்டில் போய் நின்றார். இரண்டு கையையும் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தபடி முன்னும் பின்னும் அசைந்தது. தண்ணீர் இல்லாமல் யாரோ நீச்சல் பழகுகிற மாதிரி இருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏறுங்க."

"ஏறலீங்க."

"அப்பறம்?"

"பின்னால ரெண்டு டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்குது. தெறிச்சுதுன்னா பொறத்தால வர்றவன் மண்டைக்குத்தான் போகும்."

கண்டக்டர் இறங்கிப் பார்த்தார். கல் இருந்தது. கடப்பாரை போல ஒன்றை வைத்து நெம்பி எடுத்தார்கள். கண்டக்டருக்கு ஒரே சந்தேகம். "நீங்க ஆர்டிஓ ஆபீசுங்களா?"

"இல்லீங்க. நான் கேஸு."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போனது. அவர் அந்தக் கல்லை எடுத்து, கனம் பார்த்துவிட்டு, யார் காலிலும் படாத இடமாகத் தேடி வைத்தார். நான் பள்ளிக்கூடப் பையோடு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கும் அவர் மகள் கௌசிக்கும் முதல் பீரியட் போய்விட்டது.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே கேஸ்காரர்தான். கடலுக்குள் எரிவாயு எடுக்கிற கம்பெனியில் வேலை. ஒரு மாசம் கடல் நடுவில் இரும்பு மேடையில், ஒரு மாசம் வீட்டில். நாமக்கல் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கடல் கிடையாது. அதனால் கேஸ் என்றால் தெருவுக்கு ஒரே அர்த்தம், சிலிண்டர். புக் பண்ணி வரவில்லை என்றால் அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள்.

"அது வேற டிபார்ட்மென்ட்டுங்க" என்பார்.

"ஏனுங்க, அங்கிருந்துதானுங்க எல்லாம் வருது? கெளம்பற எடத்துலயே ஒரு வார்த்த சொல்லி உட்டீங்கன்னா?"

 இந்த வாதத்தில் எங்கே தப்பு என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் அப்பா அவரை அண்ணா என்பார், அதனால் எனக்குப் பெரியப்பா. அவர் மனைவி பெரியம்மா. மொட்டை மாடியில் அவர் ஒரு கம்பு நட்டு, ஆரஞ்சு கலரில் நீளமான துணிப்பை ஒன்றைக் கட்டியிருந்தார். காற்று அடிக்கும் பக்கம் பை நீட்டிக்கொண்டு நிற்கும். கேஸ் கசிந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று பார்ப்பதற்காம். ஹெலிகாப்டர் இறங்கப்போகிறதா என்று முதலில் கேட்டார்கள். பிறகு தெரு அதற்கு வேறு வேலை கண்டுபிடித்துக்கொண்டது. பை தெற்கே நீட்டினால் வடக்கிலிருக்கும் கோழிப்பண்ணை நாற்றம் வரப்போகிறது என்று அர்த்தம். அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் துணி காயப்போட்டார்கள். ஓடுவதற்கு யாரும் அதைப் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது எல்லாம் தெரிந்தாக வேண்டும். கடலுக்கு அடியில் கேஸ் இருக்கிறது என்று யாருக்கு முதலில் தெரிந்தது, குழாய் வளையாதா, மீன்கள் என்ன நினைக்கும் என்று நச்சரிப்பேன். மீன் கேள்வியைத் தவிர மற்றதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். கடலுக்குப் போவதற்கு முன்னால் அவர் ஜார்க்கண்ட் பக்கம் நிலக்கரிப் பூமியில் இருந்தவர். அங்கே நிலக்கரிப் படுகைக்குள்ளேயே கேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்கிற தண்ணீர் அதை அழுத்திப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரை இறைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் கேஸ் பிடியை விட்டு வரும்.

இதை ஒரு தடவை ரிக் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் சொல்லித் தொலைத்தார். அங்கே டீ குடிக்கிறவர்களில் பாதிப் பேர் போர்வெல் ரிக் முதலாளிகள். இந்தியா பூராவும் லாரியில் ரிக்கை ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு ஊர் பூமியைக் குடைந்து தண்ணீர் தேடுகிறவர்கள். அவர் மச்சான், அதாவது பெரியம்மாவின் அண்ணனும், அதில் ஒருத்தர்.

"மொதல்ல தண்ணிதானுங்க வரும்" என்றார் பெரியப்பா.

"வரட்டும், நல்லதுதான? அப்பறம்?"

"மாசக்கணக்குல எறச்சு வெளியேத்தோணும். அப்பறந்தான் கேஸு."

"எறச்சு?"

"வெளிய."

 ஒருத்தர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். ஆயிரத்து இருநூறு அடி போட்டும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையாகக் கிளம்பின குழிகளையெல்லாம் நினைத்திருப்பார் போல. "பாவமுங்க அது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். "உப்புத் தண்ணிங்க! குடிக்க ஆகாதுங்க!" என்று பெரியப்பா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. ரொம்ப நாளைக்கு அந்தக் கடையில் அவருக்கு டீ கொடுத்தார்கள், ஆனால் பக்கத்தில் உட்காரமாட்டார்கள்.

அந்த நிலக்கரிப் பூமியில்தான் அவருக்கு இந்தக் கை நீட்டுகிற வியாதி தொற்றியது. மச்சானின் ரிக்கில் ஓட்டுநராக அங்கே போயிருக்கிறார். கேஸ் கம்பெனிக்குத் தண்ணீர் மட்டம் பார்க்கச் சில குழிகள் போட்டுத் தருகிற வேலை. பக்கத்திலேயே கம்பெனியின் பெரிய ரிக் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் டீ கேன் தூக்கிவரும் ஒரு அம்மா, கேனைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டி அசைத்தாராம். அவ்வளவுதான். ரிக் நின்றது, கிரேன் நின்றது, லாரி நின்றது. பெரிய அதிகாரி இறங்கி வந்து அந்த அம்மாவிடம், "என்னம்மா பாத்தீங்க?" என்று கேட்டார். லாரி அடியில் நாய் படுத்திருக்கிறது என்றார் அந்த அம்மா. நாயை எழுப்பி அனுப்பினார்கள். அதிகாரி அந்த அம்மாவைக் கேட்டார், "ஆரம்பிக்கலாமா?" அந்த அம்மா தலையாட்டிய பிறகுதான் மறுபடி எல்லாம் ஓடியது.

இந்தக் கதையைப் பெரியப்பா எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "மச்சான் ரிக்குல ஒருத்தனுக்கு வெரலு மாட்டுச்சு. வெரல எடுத்துட்டு ஓட்டுனோம். இங்க ஒரு நாய்க்கு நிறுத்தறாங்க அம்மிணி. நாய்க்கு." அந்த மாசமே மச்சானிடம் சொல்லிக்கொண்டு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஒரு நாய்க்காகத் தன்னை விட்டுப் போனவன் என்று மச்சான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனியின் சட்டம் அவருக்கு மனப்பாடம். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கை நீட்டினதைப் பார்த்தவன் தானும் கை நீட்டவேண்டும், தூரத்தில் இருப்பவனுக்குத் தெரியணுமே. எல்லாரும் ஒதுங்கி ஒரே இடத்தில் கூட வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கக்கூடாது, என்ன பார்த்தாய் என்றுதான் கேட்க வேண்டும். திட்டக்கூடாது. நிறுத்தினவர் சரி என்று சொன்னால்தான் மறுபடி ஆரம்பிக்கலாம்.

இந்தச் சட்டத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டார். தெருக்கோடியில் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே ஒரு காலி மனை. ஏதாவது ஒன்றென்றால் எல்லாரும் அங்கே வந்து நிற்கவேண்டும் என்று சொல்லி வைத்தார். ஒரு தீபாவளிக்கு யாரோ கொடியில் காய்ந்த போர்வைக்குப் பக்கத்தில் புஸ்வாணம் வைத்ததற்கும், ஒரு முறை காது குத்து விருந்தில் சமையல்காரர் சிலிண்டரைப் படுக்கப்போட்டதற்கும் கை நீட்டினார். தெரு முழுக்கக் காலி மனைக்குப் போய் நின்று, அவர் தலை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பி வந்தது. முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. அவர் கடலில் இருக்கும் மாசங்களில் எனக்குத் தெரு கொஞ்சம் அசட்டையாக நடக்கிற மாதிரிக்கூடத் தோன்றும்.

ஷோகேஸில் கௌசி டான்ஸில் வாங்கின கப்புக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் இருந்தது. அதில் காபி ஊற்ற யாருக்கும் உரிமை இல்லை. கடலில் ஒரு தடவை கிரேன் சாமான் தூக்கும்போது என்னமோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கை நீட்டினார். கயிறு, கொக்கி, கிரேன் எல்லாம் சோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. அரை நாள் வேலை போயிற்று. சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பையைக் கட்டி வைத்தார். மறுநாள் காலை சாப்பாட்டு ஹாலில் எல்லார் முன்னாலும் அதிகாரி இந்த பிளாஸ்கைக் கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லாததுக்குக் குடுத்தாங்க பாரு, அதுதான் அம்மிணி பரிசு. கோளாறு இருந்து நிறுத்துனா அதுல என்ன இருக்குது?"

பெரியம்மா உள்ளேயிருந்து, "ஆமாமா, அதுல தண்ணி ஊத்திக் குடிக்கக்கூட முடியாது" என்பார். பெரியம்மாவுக்கு வாழப்பாடிப் பக்கம். பேச்சில் மரியாதை கொஞ்சம் சிக்கனமாகத்தான் இருக்கும்.

கௌசி டிகிரி முடித்த வருஷம் மாப்பிள்ளை வந்தது. கொண்டுவந்தவர் தாய்மாமன், அந்த ரிக் முதலாளி. மாப்பிள்ளை வீடு ஜலகண்டாபுரத்தில், தறிக் குடோன் வைத்திருந்தார்கள். பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை.

"ஒரு மெஷின் உடாம பெல்ட்டுக்குக் கவர் போட்டிருக்கறான் அம்மிணி. செவுத்துல மணல் வாளி. வாளியில மணல் இருக்குது! எத்தன எடத்துல வாளிக்குள்ள வெத்தலை எச்சியப் பாத்திருக்கறேன்."

கௌசி மாடியில் அந்தத் துணிப்பைக் கம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"புடிச்சிருக்காடி?" என்றேன்.

"வேண்டாம்னு இருக்குது."

"ஏன்?"

"அதுதான் இல்ல. குடிக்கறானா, இல்ல. திமிரா பேசறானா, இல்ல. மேல படிக்கறேன்னா படின்னு சொல்றான். பெல்ட்டுக்குக் கவர் வேற போட்டிருக்கறான். காரணமே இல்லாம வேண்டாம்னா எங்கூட்டுல ஆரு உடுவாங்க?"

 காரணம் இருந்து வேண்டாம் என்ற பெண்களையே எங்கள் பக்கம் இரண்டு கல்யாண மண்டபம் தாண்டித்தான் தேடவேண்டும்.

உப்புச் சர்க்கரைக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற உப்பும் சர்க்கரையும் பெண் வீட்டார் கைக்கு மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கு முன்னால் ஆயிரம் பேசலாம். மாறின பிறகு பின்வாங்கினால் இரண்டு குடும்பமும் தலைமுறைக்கும் முகம் பார்க்காது. பெரியப்பா லீவைத் தள்ளி வாங்கிக்கொண்டு அதற்காகவே இருந்தார். அன்று காலை சமையல்காரர்களை வரிசையாக நிற்கவைத்து, "ஆரு கை நீட்டுனாலும் மொதல்ல சிலிண்டர மூடோணும்" என்று சொல்லிக்கொடுத்தார். "கேசரி அடிப்புடிச்சாலுங்களா?" என்றார் மாஸ்டர். "அடிப்புடிச்சாலும்."

கூடத்தில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கௌசி அறை வாசலில், இளம்பிள்ளையில் எடுத்த பட்டுப்புடவையில் நின்றாள். பக்கத்தில் நான். மாப்பிள்ளையின் அப்பா தட்டை எடுத்து நீட்டினார். பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கப் போனார்.

கௌசி கை நீட்டினாள்.

புடவைக் கனத்தில் கை முழுசாக எழும்பவில்லை. ஆனால் இரண்டு கையும்தான், உள்ளங்கை தரையைப் பார்க்கத்தான். முன்னும் பின்னும் அசைந்தது. தாய்மாமன் பார்த்துவிட்டு, "புள்ளைக்குப் புழுக்கமா இருக்குதாட்ட இருக்குது, அந்த ஃபேனத் திருப்புங்க" என்றார்.

பெரியப்பாவும் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தி மறுபடி தட்டைப் பார்த்தார். கல் உப்பு, வெள்ளைச் சர்க்கரை, நடுவில் வெற்றிலை. தட்டின் விளிம்பை அவர் விரல் தொட்டுவிட்டது. அந்த நொடி அவர் தட்டை வாங்கியிருந்தால் அந்த வீட்டில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். கௌசியும் சொல்லியிருக்கமாட்டாள்.

கையை எடுத்தார். எழுந்தார். தானும் இரண்டு கையையும் நீட்டி அசைத்தார்.

கொல்லைப்புறத்தில் மாஸ்டர் சிலிண்டரை மூடுகிற சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். எங்கள் தெருக்காரர்கள் எழுந்து, அவசரமில்லாமல், வழக்கம்போல வாசலைப் பார்த்து நடந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களில் யாரோ, "கேஸ்காரர் ஊடுங்க இது, எந்திரிங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்கள். பிள்ளையார் கோயில் எதிரே காலி மனையில் உச்சி வெயிலில் எல்லாரும் நின்றோம். பெரியப்பா தலை எண்ணினார். மாப்பிள்ளையின் அப்பா உப்புச் சர்க்கரைத் தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"எங்கீங்க லீக்கு?" என்றார் மூச்சு வாங்க.

"லீக்கு இல்லீங்க. எம் பொண்ணு நிறுத்தச் சொன்னா."

திரும்பி கௌசியைக் கேட்டார். "என்ன பாத்த சாமி?"

"ஒண்ணும் பாக்கலப்பா. வேண்டாம்னு தோணுது."

தாய்மாமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தோணுதா? தோணறதுக்கெல்லாம் நிறுத்தறதுக்கு இதென்ன உங்கப்பன் கம்பெனியா? மாப்ளைகிட்ட என்ன கொறை கண்டே, சொல்லு!"

"ஒரு கொறையும் இல்லீங் மாமா."

"கேட்டீங்களா! அவளே சொல்றா! தட்ட வாங்குங்க மாப்ள!" என்று பெரியப்பா பக்கம் திரும்பினார்.

பெரியப்பா இரண்டு கையையும் நீட்டி, மச்சானுக்கு நேராக அசைத்தார். மச்சான் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது.

"திட்டக்கூடாதுங்க மச்சான்" என்றார் பெரியப்பா.  "கோளாறு இல்லாட்டியும் நிறுத்தலாமுங்க. நிறுத்துனவ சரின்னு சொன்னாத்தான் மறுக்கா ஆரம்பிக்கலாம்."

"எப்பச் சொல்லுவா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பெரியப்பா கௌசியைப் பார்த்தார். கௌசி தலையை ஆட்டினாள், பக்கவாட்டில்.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர்களிடம். இரண்டு கையையும் கூப்பி, குனிந்து. மாப்பிள்ளை வெறுங்காலில் சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். "அப்பா, செருப்ப எடுத்துக்கிட்டுப் போலாமுங்க" என்றார். அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நல்ல மனிதர். பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறார். கௌசியின் தோன்றலுக்குக் கடைசிவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சமையல் வீணாகவில்லை, தெருவே சாப்பிட்டது. கேசரி மட்டும் அடிப்பிடித்திருந்தது.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். பெரியப்பா கம்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மேலே பை காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்க நிறுத்துனா நட்டம் கம்பெனிக்கு அம்மிணி" என்றார். "இத்தன வருசம் சுலுவா கைய நீட்டிட்டேன். நட்டம் நம்முளுதுன்னா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"நீங்க பாக்காத மாதிரி இருந்திருக்கலாமுங்களே பெரியப்பா?"

"பாத்துட்டனே."

மறுநாள் காலை ஷோகேஸைத் திறந்து, பிளாஸ்கை எடுத்துத் துடைத்து, கௌசி கையில் கொடுத்தார். யார் முன்னாலும் இல்லை, நானும் பெரியம்மாவும் மட்டும்தான் இருந்தோம். கௌசி அதை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், கழுவி, காபி ஊற்றினாள். 

பெரியம்மா அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. அண்ணன் வீட்டு வாசல் போயிற்று, சொந்தபந்தத்தில் தலை நிமிர முடியவில்லை. சாப்பாடு போடுவார், காபி வைப்பார், வாய் திறக்கமாட்டார். அப்படியே அவர் கடலுக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது. சேலம் போய் ரயில் பிடிக்கவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான் பார்ப்பார்.

பெரியம்மா மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

காலை எடுத்தார். பஸ் போய்விட்டது. பையோடு திரும்பி நடந்து வந்து, வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல."

"அப்பறம்?"

"எனக்கும் நிக்கிறீங்களான்னு பாத்தேன்." பெரியம்மா கையை இறக்கினார். "நம்ம உப்புச் சர்க்கரைக்கு முன்னாடியே நீங்க இந்தக் கம்பெனில சேந்திருக்கணும்."

பெரியப்பா பையைக் கீழே வைத்தார். அடுத்த பஸ்ஸும் வந்தது. டிரைவருக்கு அவரைத் தெரியும், ஹாரன் அடித்துப் பார்த்தார். பெரியப்பா மாடியைப் பார்த்தபடியே நின்றார்.

பெரியம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.